வெளியுறவு அமைச்சர்: அவர் வாய் திறந்தால் நாடே பேசியதாகக் கணக்கு

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. ராமேஸ்வரத்திலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கடலுக்குப் போன மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்துவிட்டது. படகுகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அதன் தொடர்ச்சி: வெளியுறவுத் துறை அமைச்சருக்கு முதல்வர் கடிதம். ஆட்சி மாறும், முதல்வர் மாறுவார், கடிதம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். “கடிதம் எழுதி என்ன ஆகப்போகுது? இவரே கொழும்புக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே?” என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி.

போன் போடலாம். ஆனால் அந்தப் பேச்சுக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் கிடையாது. நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசுக்கு மட்டுமே உரிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் 10ஆவது இனம் வெளிநாட்டு விவகாரங்கள். 11ஆவது, தூதரகங்கள். 14ஆவது, பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொள்வதும் அதை நிறைவேற்றுவதும். கடலோரம் முழுக்கத் தமிழ்நாட்டுடையதாக இருக்கலாம், கைதானவர் தமிழ்நாட்டு வாக்காளராக இருக்கலாம். இலங்கை அரசோடு அதிகாரபூர்வமாகப் பேசும் வாய் டெல்லியில்தான் இருக்கிறது. அந்த வாய்க்குச் சொந்தக்காரர்தான் வெளியுறவு அமைச்சர். அவர் யார், அந்த நாற்காலி எப்படி வந்தது, அதற்கு எவ்வளவு பலம், அந்தப் பலம் எங்கே தீர்ந்துபோகிறது என்பதை இந்தியாவை வைத்தே பார்ப்போம்.

கையெழுத்துப் போடும் மூன்று பேர்

ஒரு நாட்டின் சார்பில் நினைத்தவரெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. வேளாண் அமைச்சரோ ஒரு மூத்த அதிகாரியோ போடப் போனால், “எங்கள் நாட்டுக்காகக் கையெழுத்திட இவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம்” என்ற முழு அதிகாரப் பத்திரத்தை எதிர்த்தரப்பு கேட்கலாம். மூன்று பேரிடம் மட்டும் அதைக் கேட்பதில்லை: நாட்டின் தலைவர், அரசின் தலைவர், வெளியுறவு அமைச்சர். நம் கணக்கில் குடியரசுத் தலைவர், பிரதமர், பிறகு இவர். 1969இல் வியன்னாவில் உருவான, ஒப்பந்தங்கள் குறித்த சர்வதேச உடன்படிக்கை இதை எழுத்தில் வைத்திருக்கிறது. உள்துறை அமைச்சர் ஆட்சியில் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இந்த மூவர் வரிசையில் அவருக்கு இடமில்லை.

கையெழுத்தை விடுங்கள். வாயால் சொன்னாலே போதும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சர்வதேசச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் இதைக் கடந்துதான் வருவார்கள். 1919 ஜூலையில் நார்வேக்கான டென்மார்க் தூதர், நார்வேயின் வெளியுறவு அமைச்சர் நீல்ஸ் ஈலனைப் பார்த்து, “கிரீன்லாந்து முழுவதும் எங்களுடையது என்று மற்ற நாடுகளை ஏற்கச் செய்யப் போகிறோம், உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?” என்ற பொருளில் கேட்டார். 22ஆம் தேதி ஈலன் பதில் சொன்னார்: இந்த விஷயம் முடிவதற்கு நார்வே அரசு எந்த இடைஞ்சலும் செய்யாது. தான் அப்படிச் சொன்னதை அவரே குறிப்பும் எழுதி வைத்தார். ஒப்பந்தம் இல்லை, முத்திரை இல்லை, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1931இல், கிழக்கு கிரீன்லாந்தின் ஒரு பகுதி தனக்கே சொந்தம் என்று நார்வே அறிவித்தது. டென்மார்க் ஹேக் நகரிலிருந்த சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1933இல் தீர்ப்பு வந்தது. தன் பொறுப்பில் உள்ள ஒரு விஷயத்தைப் பற்றி, இன்னொரு நாட்டுத் தூதர் கேட்ட கேள்விக்கு, வெளியுறவு அமைச்சர் அரசின் சார்பில் தரும் பதில் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். பெண் கேட்டுப் போன இடத்தில் குடும்பத்துப் பெரியவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டு வந்தால், வீட்டுக்கு வந்த பிறகு யாரும் பின்வாங்க முடியாது அல்லவா, அதே கதைதான். நார்வே தோற்றது.

இது எங்கோ பனிப்பிரதேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பாக் நீரிணையிலேயே இதற்கு ஒரு உறவுக்காரக் கதை இருக்கிறது. கச்சத்தீவு ஒப்பந்தம் என்றால் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டது எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஒப்பந்தத்தில் இந்திய மீனவர்கள் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. மீன்பிடி உரிமையைப் பறித்த வாசகங்கள் அங்கே இல்லை. 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருக்கின்றன. இந்தியத் தரப்பில் கேவல் சிங், இலங்கைத் தரப்பில் டபிள்யூ.டி. ஜயசிங்க. ஒரு நாட்டின் மீன்பிடிப் படகுகளும் மீனவர்களும் இன்னொரு நாட்டின் கடற்பகுதியில் அனுமதி பெறாமல் மீன்பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இரண்டு அதிகாரிகளின் கடிதம், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் எழுதியது தங்கள் அரசுகளின் சார்பில். அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. அதே ஆண்டு ஜனவரி 31 அன்றுதான் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டிருந்தது. எதிர்த்துப் பேச மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லாத வேளை அது.

இதை நாடாளுமன்றம் தடுத்திருக்க முடியாதா? இந்தியாவில் ஒப்பந்தம் போடுவதற்கு முன் நாடாளுமன்றத்தின் சம்மதம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரசே போடலாம். உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால் நாடாளுமன்றம் வர வேண்டும். நிலத்தை விட்டுக்கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று, மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. கச்சத்தீவைப் பொறுத்தவரை, நிலம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, தீர்மானிக்கப்படாமல் இருந்த எல்லையை வரையறுத்தோம் என்பதே மத்திய அரசின் வாதம். அந்த வாதம் சரியா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். வெளியுறவுத் துறையின் ஒரு காகிதத்துக்கு என்ன எடை என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

அந்த எடையை மறந்து பதவியை இழந்தவரும் உண்டு. 1992 பிப்ரவரியில் அன்றைய வெளியுறவு அமைச்சர் மாதவ்சிங் சோலங்கி, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் ரெனே ஃபெல்பரைச் சந்தித்தபோது ஒரு குறிப்பைக் கையில் கொடுத்தார். போஃபர்ஸ் பீரங்கி ஊழல் விசாரணைக்காக சுவிஸ் வங்கிக் கணக்குகளைத் தோண்டிக்கொண்டிருந்த நேரம். விசாரணைக்கு வேகத்தடை போடும் தொனியில் இருந்தது அந்தக் குறிப்பு. விஷயம் வெளியே வந்ததும் டெல்லி கொந்தளித்தது. ஒரு வழக்கறிஞர் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன் என்றார் சோலங்கி. அந்த வழக்கறிஞரின் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. மார்ச் இறுதியில் ராஜினாமா. யாரோ கொடுத்த காகிதத்தைக் கைமாற்றிவிட்டேன் என்று வேறு எந்த அமைச்சர் சொல்லியிருந்தாலும் ஓரளவு தப்பித்திருப்பார். வெளியுறவு அமைச்சர் இன்னொரு வெளியுறவு அமைச்சரிடம் நீட்டும் காகிதத்துக்குத் தனிப்பட்ட காகிதம் என்ற அந்தஸ்தே கிடையாது.

சிரிக்க வைக்கும் சம்பவமும் ஒன்று இருக்கிறது. 2011 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா உரையாற்றினார். சுமார் மூன்று நிமிடம் போன பிறகுதான், அவர் படித்துக்கொண்டிருந்தது போர்ச்சுகல் அமைச்சரின் உரை என்று தெரிந்தது. போர்ச்சுகீசிய மொழி பேசும் இரண்டு நாடுகள் அவையில் இருப்பது மகிழ்ச்சி என்ற வரியைக்கூட அவர் கடந்துவிட்டார். பக்கத்திலிருந்த இந்தியத் தூதர் ஹர்தீப் சிங் புரி சரியான காகிதத்தை எடுத்துக்கொடுத்தார். இந்தியாவுக்கு நஷ்டம் எதுவும் வரவில்லை. ஆனால் மூன்று நிமிடம் ஒருவருக்கும் சந்தேகம் வராத அளவுக்குத்தான் அந்த மேடையின் உரைகள் இருக்கின்றன என்பதும் சேர்ந்து அம்பலமானது.

வைஸ்ராய் விட்டுச்சென்ற வழக்கம்

வெளிநாட்டு விவகாரத்துக்கென்று தனி அலுவலகம் என்பது உலகத்திலேயே அவ்வளவு பழைய ஏற்பாடு அல்ல. பிரான்ஸில் 1626இல் மன்னரின் முதன்மை அமைச்சர் ரிஷல்யூ உருவாக்கினார். பிரிட்டனில் இரண்டு செயலர்கள் ஐரோப்பாவை வடக்கு, தெற்கு என்று பங்கு போட்டுக்கொண்டு, உள்நாட்டு வேலையையும் சேர்த்துப் பார்த்துவந்தார்கள். 1782இல்தான் உள்துறை, வெளியுறவு என்று பிரித்து, சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் முதல் வெளியுறவுச் செயலர் ஆனார். அமெரிக்கா 1789 ஜூலையில் வெளியுறவுத் துறை என்றே தொடங்கி, அரசு முத்திரையைக் காப்பது போன்ற உள்நாட்டு வேலைகளையும் அதன் தலையில் கட்டி, செப்டம்பரிலேயே பெயரை ‘ஸ்டேட் டிபார்ட்மென்ட்’ என்று மாற்றிவிட்டது. முதல் அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சன்.

இந்தியாவின் கதை இவற்றுக்குச் சளைத்ததல்ல. 1783 செப்டம்பர் 13 அன்று கல்கத்தா வில்லியம் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் ஒரு தீர்மானம் போட்டது. வாரன் ஹேஸ்டிங்ஸ் நிர்வாகத்தின் ‘ரகசிய, அரசியல்’ வேலைகள் மலைபோல் குவிந்ததால் அவற்றுக்கென்று ஒரு தனித் துறை. சுதேச மன்னர்கள், மராட்டியர், மைசூர் எல்லாமே அன்றைக்குக் கம்பெனிக்கு ‘வெளிநாடு’தான். 1843இல் எல்லன்பரோ பிரபு தலைமைச் செயலகத்தை வெளியுறவு, உள்துறை, நிதி, ராணுவம் என்று நான்காகப் பிரித்தார். லண்டனில் ஒரு வெளியுறவு அலுவலகம் இருக்கும்போதே கல்கத்தாவும் தனியாக ஒன்றை நடத்தியது. ஆப்கானிஸ்தான், திபெத், பாரசீக வளைகுடா எல்லாம் அதன் கண்காணிப்பில் இருந்தன.

அந்த அலுவலகம் போட்ட கோடுகள் இன்றும் அழியவில்லை. 1893இல் ஆப்கானிஸ்தான் எல்லைக்கோட்டைப் பேசி முடித்த மார்ட்டிமர் டூரண்ட், அப்போது இந்திய அரசின் வெளியுறவுச் செயலர். 1914இல் சிம்லா மாநாட்டில் திபெத்தோடு எல்லை வரைந்த ஹென்றி மக்மகனும் அதே பதவியில் இருந்தவர். முதல் எல்லைக்கோட்டை ஆப்கானிஸ்தான் ஏற்கவில்லை, இரண்டாவதைச் சீனா ஏற்கவில்லை. துப்பாக்கி தூக்காத இரண்டு அதிகாரிகளின் பெயரை வைத்து நூறாண்டு தாண்டியும் படைகள் எதிரெதிரே நிற்கின்றன.

இதற்குள் ஒரு பழக்கம் ஒளிந்திருந்தது. வைஸ்ராய் தன் நிர்வாக சபையில் நிதி, சட்டம் போன்ற துறைகளை உறுப்பினர்களிடம் கொடுப்பார். வெளியுறவைக் கொடுக்க மாட்டார், தானே வைத்துக்கொள்வார். 1946 செப்டம்பரில் இடைக்கால அரசு வந்ததும் அந்தத் துறை நேருவிடம் வந்தது. அந்த அக்டோபர் 9 அன்று இந்திய வெளியுறவுப் பணி, அதாவது ஐ.எஃப்.எஸ்., உருவானது. சுதந்திரம் வந்தது, நேரு பிரதமரானார், வெளியுறவை விடவில்லை. 1964 மே 27 அன்று இறக்கும்வரை அவரே வெளியுறவு அமைச்சர். பதினேழு ஆண்டுக்கும் மேல் இந்தியாவுக்குத் தனி வெளியுறவு அமைச்சர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. கோப்புகளைப் பார்க்க கிரிஜா சங்கர் பாஜ்பாய், முதல் வெளியுறவுச் செயலரான கே.பி.எஸ். மேனன் போன்ற தேர்ந்த அதிகாரிகள் இருந்தார்கள். கொள்கை ஒரே தலைக்குள் இருந்தது. அணிசேராமை என்ற பெரிய யோசனை இவ்வளவு சீராக வந்ததற்கு அதுவே காரணம். 1962இல் சீனா விஷயத்தில் அந்தத் தலை தப்புக்கணக்குப் போட்டபோது தடுத்துச் சொல்ல எதிரே ஒரு அமைச்சர் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

அக்கம்பக்கத்திலும் இதே வழக்கம்தான். இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பு, பாதுகாப்பும் வெளியுறவும் பிரதமரிடமே இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது. அங்கே முதல் தனி வெளியுறவு அமைச்சராக ஏ.சி.எஸ். ஹமீது வந்தது 1977இல்தான்.

இங்கே சாஸ்திரி சில வாரங்கள் வைத்திருந்துவிட்டு, 1964 ஜூலையில் ஸ்வரண் சிங்கிடம் ஒப்படைத்தார். அதிர்ந்து பேசாத, நீண்ட பேச்சுவார்த்தைகளில் எதிராளியைக் களைக்க வைக்கும் மனிதர். 1970இல் மறுபடியும் அவரே வந்தார். 1971 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தத்தில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் க்ரோமிகோவோடு கையெழுத்திட்டவர் அவர். ஆனால் அந்த ஒப்பந்தத்தைச் செதுக்கியதில் டி.பி. தாருக்கும் பி.என். ஹக்சருக்கும் இருந்த பங்கைச் சொல்லாமல் விடக் கூடாது. இருவரும் இந்திரா காந்தியின் நேரடி நம்பிக்கைக்கு உரியவர்கள். இந்தியாவில் வெளியுறவு அமைச்சரின் பலம் கடன் வாங்கிய பலம். பிரதமர் எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவுதான். அதை மறைக்காமல் காட்டிய காலம் ராஜீவ் காந்தியின் ஐந்தாண்டுகள்.

1984 அக்டோபரில் பிரதமரானபோது துறை ராஜீவிடமே இருந்தது. 1985 செப்டம்பரில் பலிராம் பகத். 1986 மே மாதம் சிவசங்கர். அக்டோபரில் என்.டி. திவாரி. 1987 ஜூலையில் மறுபடியும் ராஜீவ். 1988இல் நரசிம்ம ராவ். இத்தனை வேகத்தில் ஆள் மாறினால் வெளிநாட்டு அமைச்சர் யாரோடு உறவு வளர்ப்பார்? 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது, வெளியுறவு அமைச்சர் என்று தனியாக ஒருவர் இல்லை. பிரதமரே அந்தத் துறையையும் சில நாட்களுக்கு முன்புதான் கையில் எடுத்திருந்தார். அதற்கு முன்பும் இலங்கை விவகாரத்தை ஓடியாடிப் பார்த்தவர்கள் ஜி. பார்த்தசாரதி போன்ற சிறப்புத் தூதர்களும், ப. சிதம்பரம், நட்வர் சிங் போன்ற இணை அமைச்சர்களும்தான்.

அதே 1987 ஜனவரியில் நடந்ததை டெல்லியில் இன்றும் சொல்வார்கள். அப்போது வெளியுறவுச் செயலர் ஏ.பி. வெங்கடேஸ்வரன், தமிழர், மனதில் பட்டதைப் பேசக்கூடியவர். பிரதமரின் செய்தியாளர் சந்திப்பில் அவரும் உட்கார்ந்திருந்தார். பிரதமரின் பாகிஸ்தான் பயணம் பற்றி வெளியுறவுச் செயலர் வேறு மாதிரி சொல்கிறாரே என்று ஒரு பாகிஸ்தான் செய்தியாளர் கேட்டார். சீக்கிரமே புதிய வெளியுறவுச் செயலரோடு பேசுவீர்கள் என்று ராஜீவ் பதில் சொன்னார். துறையின் உச்ச அதிகாரிக்குத் தன் வேலை போன செய்தி கேமராக்களுக்கு முன்னால் தெரியவந்தது. அன்றே ராஜினாமா செய்தார். நேற்றுவரை நாட்டின் குரலாக இருந்தவர், பிரதமர் கையை எடுத்ததும் வெறும் ஆளாகிவிட்டார்.

அமைச்சர், செயலர், தூதர்

புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. வெளியுறவு அமைச்சர் அரசியல்வாதி, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்பவர். வெளியுறவுச் செயலர் ஐ.எஃப்.எஸ். அதிகாரி, துறையின் நிர்வாகத் தலைவர். தூதர் ஒரு குறிப்பிட்ட நாட்டில் உட்கார்ந்திருப்பவர். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதருக்கு ஹை கமிஷனர் என்று பெயர். அதனால்தான் கொழும்பில் இருப்பது இந்திய ஹை கமிஷன். யாழ்ப்பாணத்தில் 2010இல் திறந்தது துணைத் தூதரகம். சிறையில் இருக்கும் மீனவர்களைப் போய்ப் பார்க்கிறவர்கள், வழக்கைத் தொடர்கிறவர்கள் இந்த அலுவலகங்களின் ஊழியர்கள். முதல்வரின் கடிதம் டெல்லியில் இலங்கையைக் கவனிக்கும் பிரிவின் ஜாயின்ட் செக்ரட்டரி மேசைக்கு இறங்கி, அங்கிருந்து இவர்களிடம் போகிறது. வேலை நடக்கும் இடம் அதுதான். அமைச்சர் எதிர்த்தரப்பு அமைச்சரிடம் பேசுவது, கீழே வேலை முட்டிக்கொண்டு நிற்கும்போது.

இந்த உலகத்தின் கடிதப் பாணியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் அமைச்சகம் இன்னொரு நாட்டின் தூதரகத்துக்கு அனுப்பும் குறிப்பில் ‘நான்’ இருக்காது, ‘நீங்கள்’ இருக்காது. “வெளியுறவு அமைச்சகம் ஹை கமிஷனுக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு...” என்று தொடங்கும். நடுவில், உங்கள் படை எங்கள் ஆளைச் சுட்டுவிட்டது, கடுமையாகக் கண்டிக்கிறோம் என்று இருக்கும். முடிவில், “தன் மிக உயரிய மதிப்பை இந்தச் சந்தர்ப்பத்தில் மீண்டும் உறுதிப்படுத்திக்கொள்கிறது.” கோபத்தின் உச்சத்திலும் இந்த முதல் வரியும் கடைசி வரியும் போகாது. போலித்தனம் என்று தோன்றும். ஆனால் நாளைக்கு இதே மேசையில் உட்கார்ந்து கைதிகளை விடுவிக்கப் பேச வேண்டியிருக்கும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

‘தூதரை அழைத்துக் கண்டனம்’ என்ற செய்தியிலும் படிகள் உண்டு. அழைத்தது ஜாயின்ட் செக்ரட்டரியா, செயலரா, அமைச்சரா என்று பார்த்தால் கோபத்தின் அளவு தெரிந்துவிடும். அதற்கு மேல் படி, தூதரக அதிகாரியை விரும்பத்தகாதவர் என்று அறிவித்து வெளியேற்றுவது. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் கனடாவுக்கும் இந்தியாவுக்கும் மோதல் முற்றியபோது, இந்தியா தன் ஹை கமிஷனரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, ஆறு கனடா அதிகாரிகளை வெளியேறச் சொன்னது.

உங்கள் கையில் இருக்கும் கடிதம்

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்து உள்ளே அச்சிட்டிருக்கும் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடுங்கள், தேவைப்படும் உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று இந்தியக் குடியரசுத் தலைவர் பெயரால் உலகத்துக்கு எழுதிய கோரிக்கை அது. கொடுப்பது வெளியுறவுத் துறை. சென்னை, திருச்சி, மதுரை, கோவை பாஸ்போர்ட் அலுவலகங்கள் எல்லாம் டெல்லியில் இருக்கும் அதே அமைச்சருக்குக் கீழே வருகின்றன. வெளிநாட்டுக் கொள்கை என்ற பெரிய வார்த்தை நம்மில் பெரும்பாலோரைத் தொடுவது இந்தச் சின்னப் புத்தகம் வழியாகத்தான்.

அந்தக் கோரிக்கைக்கு உயிர் கொடுப்பது ஆபத்துக் காலத்தில். 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே லட்சக்கணக்கில் இந்தியர்கள். மலையாளிகளும் தமிழர்களும் அதில் அடக்கம். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாதுக்குப் போனார். சதாம் அவரைக் கட்டித் தழுவிய படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. படையெடுத்தவனைத் தழுவுகிறாயா என்று திட்டும் விழுந்தது. அந்தத் தழுவல் இல்லையென்றால் வெளியேறும் வழி அவ்வளவு சீக்கிரம் திறந்திருக்காது. ஜோர்டானின் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் ஏறத்தாழ 1,70,000 பேர் ஊர் வந்து சேர்ந்தார்கள். அமைச்சரின் மானத்துக்கு விலை போட்டால் இது லாபமான வியாபாரம் என்றே சொல்வேன்.

2015இல் ஏமனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது 4,600க்கும் அதிகமான இந்தியரோடு, 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் இந்தியா வெளியே கொண்டுவந்தது. அப்போது அமைச்சர் சுஷ்மா சுவராஜ். இந்திரா காந்தி பிரதமராக இருந்துகொண்டே துறையை வைத்திருந்ததை விட்டால், இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர்தான். வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார் என்று ட்விட்டரில் ஒருவர் எழுதினால், அமைச்சரே பதில் எழுதித் தூதரகத்தைக் கோத்துவிடுவார். பெரிய கொள்கை முடிவுகள் பிரதமர் அலுவலகத்தில் எடுக்கப்பட்டதால் இவருக்கு இந்த வேலைதான் மிஞ்சியது என்று டெல்லியில் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். துபாய் லேபர் கேம்ப்பில் மாட்டிக்கொண்ட ஆளிடம் அந்தக் கேலி எடுபட்டிருக்காது.

பலம் தீரும் இடம்

பணத்தைப் பார்த்தால் இது ஒல்லியான துறை. 2024-25 பட்ஜெட்டில் சுமார் ரூ.22,154 கோடி, மொத்த மத்திய பட்ஜெட்டில் அரை சதவீதத்தைத் தொடவில்லை. அதிலும் ரூ.2,068 கோடி பூடானுக்கான உதவிக்குப் போகிறது. ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். இத்தனை பெரிய நாட்டுக்கு இது போதவே போதாது.

அதிகாரத்திலும் பங்காளிகள் அதிகம். உலக வர்த்தக அமைப்பில் அரிசி மானியத்துக்காக மல்லுக்கட்டுவது வர்த்தக அமைச்சகம். 1998இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற பதவி உருவாகி பிரஜேஷ் மிஸ்ரா வந்ததிலிருந்து, சிக்கலான பேச்சுவார்த்தைகள் அந்த அறைக்கு நகர்ந்தன. சீன எல்லைப் பேச்சுக்கென 2003இல் ‘சிறப்புப் பிரதிநிதி’ முறை வந்தது. இந்தியாவின் பிரதிநிதி பாதுகாப்பு ஆலோசகர்தான். 2019இல் வெளியுறவு அமைச்சரான எஸ். ஜெய்சங்கர், வெளியுறவுச் செயலராக இருந்து அமைச்சரான முதல் ஆள். துறையின் ஒவ்வொரு படியும் தெரிந்தவர். அவர் காலத்திலும் இந்தப் பங்கீடு அப்படியே இருக்கிறது.

லடாக் விவகாரத்தில் 2024இல் நடந்ததைத் தேதிவாரியாகப் பார்த்தாலே தெரியும். ரோந்து ஏற்பாட்டில் உடன்பாடு வந்துவிட்டது என்று அக்டோபர் 21 அன்று அறிவித்தவர் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. 23ஆம் தேதி ரஷ்யாவின் கஸான் நகரில் பிரதமர் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். டிசம்பர் 3 அன்று மக்களவையில் விளக்கம் சொன்னவர் ஜெய்சங்கர். டிசம்பர் 18 அன்று பெய்ஜிங்கில் எல்லைப் பேச்சுக்கான மேசை போடப்பட்டபோது, சீனத் தரப்பில் உட்கார்ந்தவர் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் வாங் யி. அவருக்கு எதிரே இந்தியத் தரப்பில் உட்கார்ந்தவர் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவல்.